கும்பிடு நமஸ்காரமும் ஜெனியின் முதுகெலும்பும்

ஜெனியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் ரத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "ரத்தம் இப்ப ஊறுதா?" "அணு எல்லாம் சரியா இருக்கா?" ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். ரத்தம் நன்றாகவே ஊறுகிறது. அணுக்களும் சரியாக இருக்கின்றன. அவளுடைய எலும்பு எப்படி இருக்கிறது என்று இன்றுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எலும்பு என்று ஒன்று இருப்பதே, அது ஒடிந்த பிறகுதான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வரும். டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பிள்ளைக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யப் போகிற ஏதோ ஓர் அம்மா இதைப் படித்துவிட்டு, "டாக்டர், இவ எலும்ப எப்பப் பார்ப்பீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. என் கணவர் பஹ்ரைனில் லாஞ்சில் மீன்பிடிக்கிறவர். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ஷைனி, இளையவள் ஜெனி. 2009-ல் ஜெனிக்கு ஒன்பது வயது. கால் முழுக்க நீலநீலமாகத் திட்டுகள் வர ஆரம்பித்தன. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தோம். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு ரத்தக்குறைவு என்று சொல்லி டானிக் எழுதிக்கொடுத்தார்கள். பீட்ரூட்டும் பேரீச்சம்பழமுமாகத் தின்று பிள்ளைக்கு வாய்தான் சிவந்தது.

ஒருநாள் மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் முகம் மாறி, இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எலும்புக்குள்ளே கொழகொழப்பாக இருப்பதுதான் மஜ்ஜை. ரத்தம் உண்டாவது அங்கேதான். ஜெனிக்கு அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. இதற்கு ஏப்ளாஸ்டிக் அனீமியா என்று பெயர், புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புற்றுநோயைவிடச் சின்ன விஷயமும் இல்லை என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிட்டார்.

மஜ்ஜை மாற்ற வேண்டும். கூடப்பிறந்தவர்களுடையது பொருந்தினால் நல்லது. ஷைனியுடையது பொருந்தியது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போய்ச் சேர வேண்டிய பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இடம் கிடைத்தது. கணவர் லீவு போட்டு வந்தார். எந்த நகை எங்கே போனது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதினால் நீங்கள் எலும்பை மறந்துவிடுவீர்கள்.

இந்த இடத்தில் செலின் மைனியைச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. எனக்கு மைனி, பிள்ளைகளுக்கு மாமி. அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். அவள் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் பல வருடம் ஆகிறது, பிள்ளை கிடையாது. குரல் மட்டும் பத்து பிள்ளை பெற்றவளுடையது மாதிரி இருக்கும். நாங்கள் ரயிலேறிய அன்று அவள் நேராகக் கோயிலுக்குப் போய், எங்கள் ஊர்ப் பாதுகாவலரான வானதூதர் மிக்கேல் சம்மனசின் முன்னால் முழங்காலில் நின்று எல்லோரும் கேட்கும்படி நேர்ந்திருக்கிறாள்.

"சம்மனசே, எனக்க பிள்ள நடந்து வீடு வந்து சேந்தாண்ணு வச்சுக்கோ, ஒனக்க தேருக்குப் பொறத்தால அவளே கும்பிடு நமஸ்காரம் செய்வா."

எங்கள் பக்கத்தார் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவின் கடைசி நாளில் தேர் இழுக்கும்போது, நேர்ச்சை இருப்பவர்கள் அதன் பின்னாலேயே வருவார்கள். முகம் தரையில் படக் குப்புற விழுந்து கையை நீட்டிக் கும்பிட வேண்டும். கை தொட்ட இடத்துக்கு எழுந்து நடந்து, அங்கே மறுபடி விழ வேண்டும். இப்படியே தேரோடு போக வேண்டும். சாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்தவர்கள் செய்வது இது. நேர்ந்தது இன்னொருவராக இருந்தாலும், யாருக்காக நேர்ந்ததோ அவர்தான் விழ வேண்டும்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மருந்தைக் கொடுத்துப் பழைய மஜ்ஜையை முழுக்க அழிப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளையைத் தனி அறையில், வடிகட்டிய காற்றில் வைத்திருப்பார்கள். கூட ஓர் ஆள்தான் இருக்கலாம், அந்த ஆள் நான். முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, எச்சில் விழுங்கக்கூட அழுதாள். மாற்றுகிற நாளன்று ஏதோ பெரிய ஆபரேஷன் நடக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஷைனியின் இடுப்பிலிருந்து எடுத்ததை ஒரு பையில் கொண்டுவந்து, ரத்தம் ஏற்றுவதுபோலவே ஏற்றினார்கள்.

"இவ்வளவுதானாம்மா?" என்றாள் ஜெனி. அவளுக்கு ஏமாற்றம்.

அதன் பிறகு தினமும் காலையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கைக்காகக் காத்திருப்பதுதான் வேலை. சீட்டு வருகிறவரைக்கும் எந்த அம்மாவும் இன்னோர் அம்மாவிடம் பேசமாட்டாள். எண்ணிக்கை ஏறிய அன்று வாசலில் நின்ற நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, மறுபடியும் கையைக் கழுவு என்றாள்.

ஏறிய சந்தோஷம் நிலைக்கவில்லை. உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கும் வந்தது. அக்காவிடமிருந்து வந்த அணுக்கள் தங்கையின் உடம்பை வேற்றாள் என்று நினைத்துச் சண்டைக்கு நிற்கின்றன என்று விளக்கினார்கள். கூடப்பிறந்தவர்கள் வீட்டில் போடுகிற சண்டை போதாதென்று உள்ளேயும் போய்ப் போட்டார்கள். அதை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அது பிள்ளையைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. முகம் நிலாப்போல ஊதியது, ராட்சசப் பசி எடுத்தது. குறைத்தால் தோல் மறுபடி சிவக்கும், உடனே கூட்டுவார்கள். இப்படிக் கூட்டியும் குறைத்தும் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது என்னென்ன கூடாது என்று வரிசையாகச் சொன்னார்கள். கூட்டம் கூடாது, பச்சைக் காய்கறி கூடாது, ஆறிப்போனதைத் தின்னக்கூடாது. வெயில் கூடவே கூடாது, வெயில் பட்டால் தோல்சண்டை மறுபடியும் கிளம்பும். இதையெல்லாம் மைனியிடம் ஒப்பித்தேன். அவள் டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு பங்கு சேர்த்தே செய்தாள். ஜன்னலுக்கெல்லாம் பழைய சேலையை மடித்துத் தொங்கவிட்டாள். குடிக்கிற தண்ணீரையும் குக்கரில் வைத்தாள். பிள்ளைக்குக் கொடுக்கிற சாளை மீனில் ஒரு முள்கூட இருக்கக்கூடாது என்று விளக்கடியில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாக எடுப்பாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொடிச் சாளையை முள்ளோடு கடித்துத் தின்று வளர்பவர்கள்.

"தொண்டையில குத்திச்சுண்ணா ரத்தம் வரும். வந்தா நிக்குமா?" என்பாள் மைனி. அவளிடம் வாதாட முடியாது.

ஆக, வருடம் முழுக்க வெயில் கொளுத்துகிற கடற்கரையில், இருட்டு வீட்டுக்குள், முள் எடுத்த மீனைத் தின்றுகொண்டு, நடக்காமல் ஓடாமல், டிவிக்கு முன்னால் ஸ்டீராய்டோடு உட்கார்ந்திருந்தாள் என் பிள்ளை. ஒவ்வொன்றும் ஒரு நல்ல காரணத்துக்காகத்தான். எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

முதுகு வலிக்கிறது என்று முதலில் எப்போது சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அடிக்கடி சொன்னாள் என்பது மட்டும் தெரியும். கணவர் வெள்ளிக்கிழமை போனில், "சும்மா சாஞ்சு இருந்தா வலிக்கத்தான் செய்யும்" என்றார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், பையின் பாரம் என்றார்கள் டீச்சர்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில், வளர்கிற வயதில் வலி வரும் என்றார்கள். அவள் வளரவே இல்லை! இரண்டு வருடமாக அதே பாவாடையைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால், ஸ்டீராய்டு எடுக்கிற பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அதையும் ஒரு பதிலாக வைத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போனபோதும் சொன்னேன். ரத்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நல்லா இருக்கும்மா! எல்லாப் பிள்ளைகளைப் போலவும் இருக்கட்டும்" என்றார்.

அந்த வார்த்தையை மைனியிடம் வந்து சொன்னதுதான் தாமதம்.

"எல்லா பிள்ளையப் போலயும் ஆயிட்டாண்ணா நேர்ச்சையத் தீக்கணும்" என்றாள். அடுத்த மாதம் திருவிழா.

"மைனி, நேந்தது நீங்க. நீங்களே செய்யுங்க. அவ மெழுகுதிரி பிடிச்சுட்டு தேரோட நடக்கட்டும்."

"நான் நேந்தது அவளுக்க பேருல. ஒனக்குப் பசிச்சா நான் சோறு தின்னா போதுமாட்டி, ஸ்டெல்லா?"

ஜெனிக்கும் ஆசை. பள்ளிக்கூடம் போய்வருவது போக, இரண்டு வருடமாக ஜன்னல் சேலை ஓட்டை வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஊரே தன்னைப் பார்க்கப் போகிற நாள் அது. சரி என்றேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். கூட்டத்தில் போகலாமா என்று கேட்டேன், மாஸ்க் போட்டுப் போகலாம் என்றார்கள். தூசி? தேர் கிளம்புகிறது சாயங்காலம், வெயில்? முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடச் சொன்னார்கள். கோயிலில் கொடுக்கிற கஞ்சி? வேண்டாம் என்றார்கள். இத்தனையும் கேட்டேன். குப்புற விழுந்து எழும்பலாமா என்பது கேட்கவேண்டிய கேள்வி என்று எனக்கும் தோன்றவில்லை, அந்தப் பக்கத்தில் பேசியவருக்கும் தோன்றவில்லை. கும்பிடுவது என்றால் கையைக் கூப்புவது என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

தெருவில் சிலுவை நிற்கிற குருசடியிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் மட்டும் என்று பேசி முடித்தோம். மைனி கூடவே வந்தாள், நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போனேன். முதலில் விழுந்து எழுந்தபோது ஜெனி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. இன்னும் சில முறை விழுந்து எழுந்தாள். பிறகு ஒரு முறை விழுந்தவள் எழும்பவில்லை.

கை நீட்டியபடி அப்படியே கிடந்தாள். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாருட்டி, பிள்ளைக்கு என்ன விசுவாசம்! எந்திரிக்கவே மனசு வரல்ல."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தேர் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது, பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். மைனி குனிந்து காதைக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எந்திரிக்க ஒக்கல்லம்மா," என்றாள் ஜெனி. "நான் எழும்பத்தான் பாக்கேன். முதுகு விடமாட்டேங்குது."

எங்கள் ஊரில் விழுந்த ஆளைத் தூக்க நூறு கை வரும். எதையும் கேட்காமல் தூக்கும். ஒருவர் அக்குளைப் பிடித்தார், இன்னொருவர் காலைப் பிடித்தார். அவள் போட்ட சத்தத்தில் பேண்டு நின்றுவிட்டது.

எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகுத்தண்டில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சதுரச் சதுரமாக இருக்க வேண்டிய எலும்புகளில் மூன்று, முன்பக்கம் நசுங்கி ஆப்புப்போல இருந்தன. பதினோரு வயதுப் பிள்ளைக்கு எழுபது வயதுக் கிழவியின் முதுகு. விழுந்த வேகத்திலா என்று கேட்டேன். நல்ல எலும்பாக இருந்தால் கல்லின்மேல் விழுந்தாலும் இப்படி ஆகாது என்றார் டாக்டர். நரம்பு தப்பியது பாக்கியம், இனி ஒன்று நசுங்கினால் கால் எப்படி இருக்கும் என்று சொல்லமுடியாது, இந்த ஆஸ்பத்திரியில் இதற்குமேல் பார்க்க ஆளில்லை, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் மைனி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

"ஒங்க நேர்ச்சைக்கு எனக்க பிள்ளைக்க முதுகுதானா கெடச்சுது, மைனி?"

வாயை மூடவே தெரியாதவள் ஜெபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு நின்றது பேச்சு, அதன் பிறகு நாங்கள் மிண்டவே இல்லை.

திருவனந்தபுரத்தில் பிள்ளைகளின் ஹார்மோன், எலும்பு இரண்டையும் பார்க்கிற ஒரு பெண் டாக்டர். மலையாளி. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்டீராய்டு எடுக்கிற குட்டியோட எலும்பு இதுவரெ ஆரும் நோக்கலையா?"

"நோக்கல்ல டாக்டர். ரத்தம் நோக்கினாங்க. ஈரல் நோக்கினாங்க. கிட்னி, கண்ணு, பல்லு எல்லாம் நோக்கினாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். எனக்குப் பெருமூச்சு விடுகிற டாக்டரைப் பிடிக்காது. இவரைப் பிடித்தது.

எலும்பு செத்த பொருள் இல்லை என்று அவர் விளக்கினார். பழைய எலும்பை உடம்பு அரித்து எடுத்துக்கொண்டே இருக்கும், புது எலும்பைக் கட்டிக்கொண்டும் இருக்கும். எனக்கு எங்கள் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. ஆனி ஆடியில் கடல் மண்ணைத் தின்னும், மழைக்காலம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து போடும். ஸ்டீராய்டு இருக்கிறவரைக்கும் தின்பது மட்டும் நடக்கும், திருப்பிப் போடுவது நடக்காது. மஜ்ஜை மாற்றின பிள்ளைகளுக்கு அதோடு இன்னும் பல கோளாறுகள் சேரும். முதலில் கொடுத்த மருந்து, படுத்தே கிடந்தது, சரியாகச் சாப்பிடாதது, வெயில் படாததால் வைட்டமின் டி இல்லாமல் போனது. இத்தனையும் சேர்ந்து எலும்பைப் பொரிபோல ஆக்கிவிடுமாம்.

அடர்த்தியைப் பார்க்க ஒரு பரிசோதனை செய்தார்கள். வலி கிடையாது. மேசையில் படுத்திருந்தால் மேலே ஒரு கை நகர்ந்து போகும், அவ்வளவுதான். அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். உயரம் குறைந்த பிள்ளை என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்தும் ஜெனி மிகவும் கீழே இருந்தாள். ஸ்டீராய்டு தொடங்கியபோதே செய்திருக்க வேண்டிய பரிசோதனை இது. சும்மா படுத்துக்கிடந்தால் முடிந்துவிடுகிற ஒன்று!

"கடல் பக்கத்துல வீடு வெச்சு தாமசிச்சிட்டு குட்டிக்கு வைட்டமின் டி இத்தற கொறவா? வெயில் காட்டுங்கோ" என்றார் டாக்டர்.

"வெயில் படக்கூடாதுண்ணு நீங்கதானே சொன்னீங்க?"

"ஞான் சொன்னேனா?"

இவர் சொல்லவில்லை, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அவருக்குப் போன் போட்டேன். தோலுக்கு ஆபத்து, வெயில் வேண்டாம், மருந்தாகவே கொடுக்கட்டும் என்றார். அதை இவரிடம் சொன்னேன். இவர் ஒன்று சொன்னார், அதை அவரிடம் சொன்னேன். ஒரே பிள்ளையின் தோல் ஒரு டாக்டருக்கு, எலும்பு இன்னொரு டாக்டருக்கு. அவர்கள் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் என் வாய். கடைசியில் வாரம் ஒரு முறை பாலில் கலந்து குடிக்கிற பொடி என்று முடிவானது. அதற்கு எனக்கு எட்டு போன்.

மூன்று எலும்பில் இரண்டு பழைய நசுங்கல் என்றும் அங்கேதான் தெரிந்தது. திருவிழாவுக்கு முன்னாலேயே, வளர்ச்சி வலி என்று எல்லோரும் சொன்ன நாட்களிலேயே அவை நசுங்கிப்போயிருந்தன. தேருக்குப் பின்னால் விழாமல் இருந்திருந்தால், இன்னொரு நாள் குடத்தைத் தூக்கும்போது மூன்றாவதும் போயிருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் ஷைனியை அனுப்பி மைனியிடம் இதைச் சொல்லச் சொன்னேன். அவள் திரும்பி வந்து சொன்னாள்.

"ரெண்டு பழசுண்ணா, அப்பம் மூணாவது எனக்கதுதானேண்ணு கேக்கா மாமி."

இந்த மைனியை என்ன செய்வது? மன்னிக்கப் போனாலும் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

ஜெனி படுத்திருந்த நாட்களில் பார்க்க வராத ஆளில்லை. வந்தவர்கள் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாயில் ஒரு வைத்தியமும் இருந்தது. ஆட்டுக்கால் சூப்பு என்றார் ஒருவர். பிரண்டைத் துவையல் என்றார் இன்னொருவர். வர்ம ஆசானைக் கூட்டிவந்து முதுகைத் தடவவேண்டும் என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். சுளுக்குக்கும் பிசகுக்கும் எங்கள் மாவட்டத்தில் ஆசான்தான், நானே போயிருக்கிறேன். ஆனால் பொரியைப் போய்த் தடவுவார்களா? "வீட்டு வாசலைத் தாண்டி எண்ணெய்க் குப்பி வந்துதுண்ணா கொண்டுவந்தவனுக்கு எனக்க கையிலதான் சாவு" என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். அதற்கப்புறம் ஸ்டெல்லாவுக்குப் பைத்தியம் என்று ஒரு பேச்சு இருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை.

சிகிச்சை என்னவென்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிரிப்பில் ஏற்றுகிற மருந்து. எலும்பை அரிக்கிற வேலையை அது மட்டுப்படுத்தும். ஏற்றுவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். கால்சியமும் வைட்டமின் டியும் சரியான அளவுக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கி உதடு மரத்துப்போகும், கை இழுக்கும். முதல் முறை ஏற்றிய மறுநாள் ஜெனிக்குக் காய்ச்சல் அடித்து, உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல வலித்தது. அது எதிர்பார்த்ததுதான் என்றார்கள். எதிர்பார்த்தவர்கள் முந்தின நாளே எனக்குச் சொல்லியிருக்கலாம். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இந்த முறை தோல் சண்டைக்கு வரவில்லை. மீனை முள்ளோடு கொடுக்கச் சொன்னார் டாக்டர். வாசலில் தினமும் ஒரு பாத்திரம் சாளை இருக்கும், மைனி வைத்துவிட்டுப் போயிருப்பாள். முள் எடுத்துத்தான் இருக்கும். எதையும் வந்து சொல்லமாட்டாள், யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

அடுத்த திருவிழாவுக்கு நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம். தேருக்குப் பின்னால் மைனி விழுந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள். ஜெனி எழும்ப முடியாமல் கிடந்த இடத்திலிருந்து தொடங்கி, கோயில் வாசல் வரைக்கும். பிள்ளையின் நேர்ச்சையை வேறு ஆள் தீர்க்கக்கூடாது என்று எனக்குச் சட்டம் சொன்ன அதே மைனி. அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோய்ப் படியேறவே கைப்பிடிச் சுவர் வேண்டும். ஒவ்வொரு முறை எழும்பவும் பக்கத்தில் நின்றவர்கள் கைகொடுத்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவள் எலும்பை இனி யார் பார்ப்பது? இறங்கிப் போய்த் தூக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் வாசல் வந்துவிட்டது.

2013-ல் எடுத்த எக்ஸ்ரேயில் நசுங்கின எலும்புகள் நிமிர ஆரம்பித்திருந்தன. வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இது நடக்கும், பெரியவர்களுக்கு நடக்காது என்றார் டாக்டர். கேட்டதும் அழுதுவிட்டேன். ஜெனி எப்படி விளையாடுகிறாள் என்று கேட்டார். விளையாடவிடுவதில்லை, நல்ல மெத்தையில் உட்கார வைத்திருக்கிறேன் என்றேன். என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மெத்தையில இருந்தா எலும்பு எங்கெனெ வளரும்? எலும்புக்கு பாரம் வேணும், குதிக்கணும், ஓடணும். பேடிக்காதெ, பயமில்லாம விடுங்கோ."

இரண்டு வருடம் எதையும் செய்யவிடாதே என்றார்கள். இப்போது எல்லாவற்றையும் செய்யவிடு என்கிறார்கள். சரி, விட்டேன். விட்டேன் என்றால், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகவும், சாயங்காலம் கடற்கரையில் மற்றப் பிள்ளைகளோடு நிற்கவும் விட்டேன். நிற்கத்தான் விட்டேன்.

கடல் அரிக்காமல் இருக்க எங்கள் ஊரில் பெரிய பெரிய பாறைகளைப் போட்டிருக்கிறார்கள். ஒருநாள் மீன் வாங்கப் போனபோது, அந்தக் கல்லின் உச்சியில் ஐந்தாறு பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொருத்தியாக மணலில் குதித்தார்கள். கடைசியில் நின்றவள் மற்றவர்களைவிட ஒரு சாண் குட்டை. கூப்பிட வாய் திறந்தேன். அவள் குதித்தாள். மணலில் இரண்டு காலும் பதிய இறங்கி, முன்னால் கையூன்றி, எழுந்தாள். பாவாடையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறப் போனாள்.

ஓடிப்போய்ப் பின்னங்காலில் ஓர் அடி வைத்தேன். நோய் வந்த நாளிலிருந்து அவள்மேல் யாரும் ஓர் ஈர்க்குச்சியைக்கூட ஓங்கியதில்லை. விழுந்ததற்கு அழாதவள் அந்த அடிக்கு ஊரைக் கூட்டினாள். தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தேன். வாசலுக்கு வருவதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது.

"ஏட்டி, பிள்ளைய அடிச்சியா?" இரண்டு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து மைனி பேசிய முதல் வார்த்தை அது. "என்ன தைரியம் ஒனக்கு? என்ன பிள்ளைண்ணு நெனச்சு அடிச்ச?"

"கல்லுமேலேந்து சாடுகா மைனி! இந்தா, எனக்க தோளு ஒசரத்துலேந்து சாடுகா! அதும் ரெண்டாமது சாட ஏறுகா!"

 மைனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஜெனியின் முன்னால் வந்து நின்றாள்.

"சாடினியா மக்கா?"

"ம்."

"சாடிட்டு நீயா எந்திரிச்சியா? ஆரும் பிடிக்கல்லியா?"

"நானாத்தான் எந்திரிச்சேன்."

மைனி அவளைத் திருப்பி நிறுத்தி, சட்டைக்கு மேலாகவே முதுகுத்தண்டில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டே போனாள். கீழே வந்து சேர்ந்ததும், அதே கையால் அவள் பின்னங்காலில் ஓர் அடி வைத்தாள்.

"எந்த சவம் சொல்லித்தந்துட்டி ஒனக்கு கல்லுமேல ஏற!" என்றவள், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். நானும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "அழாதீங்க மைனி" என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன்.

ஜெனி காலைத் தடவிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டுபேரும் மிண்டாம இருந்ததே நல்லாருந்துது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.